பல்கலைக்கழக மின்னஞ்சல்: உலாவியா, தண்டர்பேர்டா, அவுட்லுக்கா?

பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் கணக்கைக் கணினியில் உள்ள ஓர் அஞ்சல் மென்பொருளில் சேர்க்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பிலேயே கேட்பது, தண்டர்பேர்ட் நல்லதா, அவுட்லுக் நல்லதா என்றுதான். நான் அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைப்பேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் அஞ்சல் எந்தச் சேவையில் இருக்கிறது, வெளி மென்பொருள்கள் உள்ளே வர எந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது என்ற இரண்டும் முதலில் தெரிய வேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மென்பொருள் தேர்வு பாதிக்கு மேல் முடிந்துவிடும். விடை தெரியாமல் மென்பொருளை இறக்கிக்கொண்டவர்கள்தான் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப இட்டு, சரியான கடவுச்சொல்லே தவறு என்று திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள்.

அதற்கும் முன்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் இந்த ஏற்பாடு தேவைப்படாது. வாரத்துக்குச் சில அறிவிப்புகளும் எப்போதாவது ஓர் ஆசிரியரின் பதிலும் மட்டுமே வருகிற மாணவருக்கு உலாவியே போதும். எதையும் நிறுவ வேண்டாம். கடவுச்சொல்லுடன் கைபேசியிலும் உறுதிப்படுத்தும் இரட்டைச் சரிபார்ப்பு தானாக வேலை செய்யும். நாட்காட்டி, பகிர்ந்த கோப்புகள், வகுப்புக் குழுக்கள் எல்லாம் அதே பக்கத்தில் கிடைக்கும். நூலகத்திலோ ஆய்வகத்திலோ பலர் பயன்படுத்தும் கணினியில் அமர்பவருக்கு உலாவியைத் தவிர வேறு வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அஞ்சல் மென்பொருள் கடிதங்களின் பிரதியை வட்டில் சேமிக்கிறது. நீங்கள் எழுந்துபோன பிறகும் அது அங்கேயே இருக்கும்.

மேசைக் கணினி மென்பொருள் உண்மையாகவே பயன்படுவது வேறு சிலருக்கு. பல்கலைக்கழக முகவரி, சொந்த முகவரி, ஆய்விதழ் ஒன்றின் பதிப்புக் குழு முகவரி என்று மூன்று நான்கு கணக்குகளை ஒரே சாளரத்தில் பார்க்க வேண்டியவர்கள். பல ஆண்டுக் கடிதங்களுக்குள் ஒரு வரியைத் தேட வேண்டிய ஆய்வாளர்கள். இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் களப்பணி செய்பவர்கள். கடிதங்களில் மின்கையொப்பம் இட வேண்டியவர்கள். எல்லாருக்கும் மேலாக, இன்னும் சில மாதங்களில் பட்டம் பெற்று வெளியேறப் போகிறவர்கள். பல்கலைக்கழகக் கணக்கு நமக்குச் சொந்தமான பொருள் கிடையாது. சேர்க்கை இருக்கும்வரை பயன்படுத்தத் தந்தது. பிரதி ஒன்று நம் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

அஞ்சல் எங்கே இருக்கிறது?

இதைக் கண்டுபிடிப்பது எளிது. உலாவியில் உங்கள் அஞ்சலைத் திறக்கும்போது உள்நுழைவுப் பக்கம் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். பல்கலைக்கழகத்தின் சொந்த உள்நுழைவுப் பக்கம் நடுவில் வந்துபோனாலும், கடைசியில் அஞ்சல் பெட்டியாகத் திறப்பது அவுட்லுக்கின் இணையப் பதிப்பு என்றால் அஞ்சல் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருக்கிறது. ஜிமெயிலின் முகப்பு வந்தால் கூகுள் வொர்க்ஸ்பேஸ். ரவுண்ட்கியூப், ஜிம்ப்ரா போன்ற வேறு முகப்பு வந்தால் பல்கலைக்கழகம் பெரும்பாலும் தன் சொந்தச் சேவையகத்தை நடத்துகிறது என்று கொள்ளலாம். முகவரியின் பின்பாதியைப் பார்த்து இதை ஊகிக்க முடியாது. இந்த மூன்றும் ஒரே மாதிரியான பல்கலைக்கழக முகவரிக்குப் பின்னால் இருக்கக்கூடும்.

சொந்தச் சேவையகம் வைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு வேலை மிகக் குறைவு. பல்கலைக்கழகத்தின் உதவிப் பக்கத்திலிருந்து சேவையகப் பெயர்களையும் போர்ட் (இணைப்பு வாயில்) எண்களையும் எடுத்து இட்டால் எந்த மென்பொருளும் ஓடும். வெளியே இருந்து இணைப்பு பெற, பல்கலைக்கழக வலையமைப்புக்குள் நுழைய உதவும் விபிஎன் தேவையா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டிலும்தான் நுணுக்கங்கள் அதிகம்.

பாப், ஐமேப், எக்ஸ்சேஞ்ச்

அஞ்சலை எடுத்துவர மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் உள்ள வேறுபாடு, மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது என்பதில் தொடங்குகிறது.

பாப் 1984-இல் வரையறுக்கப்பட்டது. இன்றைக்கும் புழங்கும் மூன்றாம் பதிப்பு 1988-இல் வந்தது. ஒரு பயனருக்கு ஒரு கணினி, இணைப்பு எப்போதாவதுதான் என்ற காலத்துக்கு எழுதப்பட்ட நெறிமுறை அது. வரவுப் பெட்டியில் இருப்பதை இறக்கிக்கொள்ளும். மற்ற கோப்புறைகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கைபேசியில் படித்த கடிதம் கணினியில் படிக்காததாகவே நிற்கும். இதைவிடக் கவலைக்குரியது, இறக்கிய பின் சேவையகத்திலிருந்து நீக்கும் அமைப்பு. 14 நாட்களுக்குப் பிறகு நீக்கு என்ற தேர்வு சில மென்பொருள்களில் முன்கூட்டியே குறியிடப்பட்டிருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், இரண்டு வாரம் கழித்துக் கைபேசியிலும் உலாவியிலும் பழைய கடிதங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கும். தினசரிப் பயன்பாட்டுக்குப் பாப் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

ஐமேப் 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் உருவாக்கியது. இதில் மூலப் பிரதி சேவையகத்திலேயே இருக்கும். உங்கள் கணினி அதன் நிழலை வைத்துக்கொள்ளும். கோப்புறைகள், படித்தது படிக்காதது, நட்சத்திரக் குறி எல்லாம் எல்லாச் சாதனங்களிலும் ஒன்றுபோல் இருக்கும். பெரும்பாலோருக்கு இதுவே சரியான தேர்வு. ஆனால் ஐமேப் கடிதங்களை மட்டுமே சுமக்கும். நாட்காட்டியும் முகவரிப் புத்தகமும் அதில் வராது. கூட்ட அழைப்புகள் இணைப்புக் கோப்பாக வந்து நிற்கும். அனுப்பும் வேலையையும் ஐமேப் செய்வதில்லை. அதற்கு எஸ்எம்டிபி என்ற தனி நெறிமுறை வேண்டும். ஆகவேதான் ஒரே கணக்குக்கு வருவதற்கு ஒன்று, போவதற்கு ஒன்று என இரண்டு அமைப்புகளை நிரப்பச் சொல்கிறார்கள். கடிதம் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை என்பவர்கள் இரண்டாவது அமைப்பைத்தான் பார்க்க வேண்டும்.

போர்ட் எண்களையும் சொல்லிவிடுகிறேன். குறியாக்கத்துடன் கூடிய ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995. அனுப்புவதற்கு 587 அல்லது 465. 587 சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு குறியாக்கத்துக்கு மாறும். அமைப்புப் பெட்டியில் அதை ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். 465 முதல் நொடியிலிருந்தே குறியாக்கம். எண்ணையும் குறியாக்க வகையையும் மாற்றிப்போட்டால் மென்பொருள் நெடுநேரம் காத்திருந்துவிட்டு இணைக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. பழைய குறிப்புகளில் 25 என்ற எண்ணைப் பார்த்தால் ஒதுக்கிவிடுங்கள். அது சேவையகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட். பயனர்களுக்குப் பெரும்பாலான வலையமைப்புகளில் அடைக்கப்பட்டிருக்கும்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டின் அஞ்சல் சேவையகமான எக்ஸ்சேஞ்சின் வழி. மைக்ரோசாஃப்ட் 365-ஐயோ சொந்த எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தையோ வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களில் மட்டும் இது பொருந்தும். கடிதங்களுடன் நாட்காட்டி, தொடர்புகள், பல்கலைக்கழக முகவரிப் பட்டியல், துறைக்குப் பொதுவான அஞ்சல் பெட்டி எல்லாம் சேர்ந்து வரும். இதை முழுமையாகப் பேசத் தெரிந்த மென்பொருள் அவுட்லுக். மற்றவை வெவ்வேறு அளவுக்குப் பேசும்.

சரியான கடவுச்சொல் ஏன் செல்லவில்லை?

இங்கேதான் மிகுதியானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். காரணம் அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை; இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பல காலாவதியாகிவிட்டன.

முன்பெல்லாம் மென்பொருள் உங்கள் கடவுச்சொல்லை வாங்கிச் சேமித்து வைத்து, ஒவ்வொரு முறையும் சேவையகத்துக்கு அனுப்பும். கடவுச்சொல் ஒன்று கசிந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் ஐமேப் வழியாக உள்ளே வந்துவிடலாம். இரட்டைச் சரிபார்ப்புக்கு அந்தப் பாதையில் இடமே இல்லை. ஆயிரக்கணக்கான மாணவர் கணக்குகள் கொண்ட பல்கலைக்கழகங்களில் இது பெரிய ஓட்டையாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபர் 1 முதல் பாப், ஐமேப், எக்ஸ்சேஞ்ச் இணைப்புகளுக்கு இந்தப் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே மாதமும், வொர்க்ஸ்பேஸ் கணக்குகளில் 2025-லும் மூடியது.

இப்போதைய முறைக்குப் பெயர் ஓஆத். மென்பொருள் ஒரு சிறு உலாவிச் சாளரத்தைத் திறக்கும். அதில் பல்கலைக்கழகத்தின் உள்நுழைவுப் பக்கம் வரும்; வழக்கம்போல் கடவுச்சொல்லும் கைபேசி உறுதிப்படுத்தலும் தருவீர்கள். பிறகு மென்பொருளுக்கு டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு ஒன்று வழங்கப்படும். கடவுச்சொல் மென்பொருளில் சேமிக்கப்படுவதில்லை, கணினி தொலைந்தால் அந்த அனுமதியை மட்டும் ரத்து செய்துவிடலாம். எனக்கு இது உண்மையான முன்னேற்றமாகவே தெரிகிறது, தொடக்கத்தில் சிரமம் தந்தாலும்.

ஆக, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய தகுதி இதுதான்: உங்கள் பல்கலைக்கழகச் சேவைக்கு ஓஆத் பேசுமா? தண்டர்பேர்ட் கூகுளுக்கு 2015 முதலும் மைக்ரோசாஃப்ட் 365-க்கு 2020 முதலும் பேசுகிறது. ஆப்பிளின் மெயில், அவுட்லுக், எவல்யூஷன், இஎம் கிளையன்ட் ஆகியவையும் பேசும். பல ஆண்டுகளாகப் புதுப்பிக்காத மென்பொருள் எதுவானாலும் பேசாது. அதை வைத்துப் போராடாதீர்கள்.

ஓஆத் இருந்தும் செல்லவில்லை என்றால் நான் இந்த வரிசையில் பார்க்கச் சொல்வேன். உள்நுழைவுப் பெயர் முதலில். பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட அழகான முகவரி ஒன்று தந்திருப்பார்கள். ஆனால் உள்நுழைய மாணவர் எண்ணுடன் கூடிய வேறொரு முகவரி இருக்கும். அமைப்பில் பயனர் பெயர் என்ற இடத்தில் இரண்டாவதுதான் வர வேண்டும், அனுப்புநர் முகவரியில் முதலாவது. பெரும்பாலான மென்பொருள்கள் இரண்டையும் ஒன்றாகவே நிரப்பிவிடுவதால் கையால் திருத்த வேண்டியிருக்கும். அடுத்து, வரும் அஞ்சலுக்கு ஓஆத் என்று மாற்றிவிட்டு, போகும் அஞ்சலுக்குப் பழைய கடவுச்சொல் முறையையே விட்டுவைத்திருக்கலாம். தண்டர்பேர்டில் இவை இரண்டும் இரு வேறு பக்கங்களில் இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. மூன்றாவது, தண்டர்பேர்டில் குக்கீகளை முடக்கி வைத்திருந்தால் உள்நுழைவுச் சாளரம் ஓயாமல் தொடக்கத்துக்கே திரும்பும்.

நிர்வாகியின் ஒப்புதல் தேவை என்று திரையில் வந்தால் மட்டும் நீங்கள் எதுவும் செய்ய முடியாது. பல்கலைக்கழகம் வெளி மென்பொருள்களுக்கு முன்னனுமதி தந்திருக்க வேண்டும். தரவில்லை என்பது அதன் பொருள். கணினிப் பிரிவுக்கு எழுதுங்கள். எழுதும்போது "மின்னஞ்சல் வேலை செய்யவில்லை" என்று எழுதாமல், எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, திரையில் வந்த சொற்கள் என்ன, ஐமேப் என் கணக்குக்குத் திறந்திருக்கிறதா என்று கேட்டு எழுதினால் பதில் விரைவாக வரும். ஐமேப்பை முழுதாக மூடிவைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு. அங்கே தேர்வு அவுட்லுக்குக்கும் உலாவிக்கும் இடையில்தான்.

செயலிக் கடவுச்சொல் என்ற குறுக்குவழி பற்றியும் கேட்பார்கள். இரட்டைச் சரிபார்ப்பு உள்ள கூகுள் கணக்கில், நிர்வாகி அனுமதித்திருந்தால், ஒரே ஒரு மென்பொருளுக்கென 16 எழுத்துக் கடவுச்சொல் உருவாக்கிக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் 365-இன் ஐமேப்புக்கு அது இனி உதவாது. ஓஆத் கிடைக்கும் இடத்தில் செயலிக் கடவுச்சொல்லை நாட வேண்டிய தேவையே இல்லை.

தண்டர்பேர்ட்

இது இலவசம், திறந்த மூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2004-இல் முதல் பதிப்பு வந்தது. இப்போது மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று இதைப் பராமரிக்கிறது. பல்கலைக்கழக அஞ்சல் ஐமேப் வழியாகத் திறந்திருக்குமானால், நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

காரணங்கள் மூன்று. இறக்கிய கடிதங்களை அது மற்ற மென்பொருள்களாலும் படிக்கக்கூடிய எளிய கோப்பு வடிவத்தில் வைக்கிறது. நாளை வேறொன்றுக்கு மாறினாலும் கடிதங்கள் சிறைப்படுவதில்லை. கணினியிலேயே இருக்கும் தனிக் கோப்புறைகள் என்ற வசதி இருக்கிறது. பட்டம் பெற்று வெளியேறும்போது இதன் அருமை தெரியும். மூன்றாவது, ஓபன்பிஜிபி, எஸ்மைம் என்ற இரண்டு கையொப்ப, குறியாக்க முறைகளும் கூடுதல் நிரல் இல்லாமலே உள்ளே இருக்கின்றன.

கூகுளில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது மிக நன்றாகப் பொருந்துகிறது. கணக்கைச் சேர்த்து முடித்தவுடன் நாட்காட்டியையும் முகவரிப் புத்தகத்தையும் இணைக்கவா என்று அதுவே கேட்கும். மைக்ரோசாஃப்ட் 365-இல் நிலைமை சற்றுச் சிக்கலானது. 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் கணக்குகளை நேரடியாகச் சேர்க்கும் வசதி வந்தது. ஆனால் கடிதங்களுக்கு மட்டும், நாட்காட்டிக்கு இல்லாமல். அந்த வசதி நம்பியிருக்கும் ஈடபிள்யூஎஸ் என்ற இடைமுகத்தைத் தன் மேகச் சேவையில் 2026 அக்டோபர் முதல் மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் முன்பே அறிவித்துவிட்டது. ஆகையால் உங்கள் பல்கலைக்கழகத்தில் ஐமேப் திறந்திருந்தால், புதிய வழியைப் பார்த்து ஆசைப்படாமல் ஐமேப், ஓஆத் என்றே அமைத்துக்கொள்ளுங்கள். நாட்காட்டியை உலாவியில் பார்த்துக்கொள்ளலாம்.

டேவ்மெயில் என்ற சிறு நிரல் பற்றிச் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உங்கள் கணினியிலேயே ஓடி, ஒரு பக்கம் எக்ஸ்சேஞ்சுடன் பேசி, மறுபக்கம் தண்டர்பேர்டுக்கு ஐமேப் போலவும் நாட்காட்டிச் சேவை போலவும் காட்டும். ஐமேப் மூடப்பட்ட இடங்களில் பலரைக் காப்பாற்றிய நிரல். ஆனால் அதுவும் பெரிதும் ஈடபிள்யூஎஸ் வழியில் வளர்ந்தது. நிர்வாகியின் ஒப்புதல் அதற்கும் வேண்டும். அமைப்புகளை நோண்டிப் பார்க்க நேரமும் ஆர்வமும் உள்ளவர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன்.

அவுட்லுக்: இரண்டு வேறு மென்பொருள்கள்

அவுட்லுக் என்ற பெயரில் இப்போது விண்டோஸில் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய, அலுவலகத் தொகுப்புடன் வரும் கிளாசிக் அவுட்லுக். மற்றது 2024 ஆகஸ்டில் முழுமையாக வெளியான புதிய அவுட்லுக். விண்டோஸில் முன்பு இருந்த மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்து, அந்த இடத்துக்கும் புதிய அவுட்லுக்தான் வந்திருக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் வழிகாட்டியில் ஒன்றைப் படித்துவிட்டு மற்றதில் அந்த அமைப்பைத் தேடுகிறார்கள்.

பல்கலைக்கழகம் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்து, உங்கள் நாள் கூட்டங்களைச் சுற்றியே ஓடுகிறது என்றால் கிளாசிக் அவுட்லுக்கை மிஞ்ச எதுவும் இல்லை. முகவரி மட்டும் தந்தால் போதும். சேவையகப் பெயர் எதுவும் கேட்காமல் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். சக ஆசிரியர் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று காட்டும். துறைக்குப் பொதுவான அஞ்சல் பெட்டி பக்கத்திலேயே வந்து நிற்கும். துறை அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு இதைவிட்டு வேறொன்றை நான் சொல்ல மாட்டேன். குறைந்தது 2029 வரை இதை ஆதரிப்பதாக மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது.

புதிய அவுட்லுக்கும் மைக்ரோசாஃப்ட் 365 கணக்குக்குப் போதுமானதே. இணையப் பதிப்பை அப்படியே ஒரு சாளரத்தில் வைத்ததுபோல் இருக்கும். ஆனால் பல்கலைக்கழகம் சொந்தச் சேவையகம் வைத்திருந்தால் அந்தக் கணக்கைப் புதிய அவுட்லுக்கில் சேர்க்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். மைக்ரோசாஃப்ட் அல்லாத கணக்கைச் சேர்க்கும்போது அந்த மென்பொருள் உங்கள் சேவையகத்துடன் நேரடியாகப் பேசுவதில்லை. மைக்ரோசாஃப்டின் மேகம் உங்கள் சார்பில் பேசி, கடிதங்களின் பிரதியைத் தன் தரவு மையத்தில் வைத்துக்கொள்கிறது. சேர்க்கும்போது வரும் ஒப்புதல் திரையிலேயே இது எழுதப்பட்டிருக்கிறது. அவசரத்தில் யாரும் படிப்பதில்லை. சாதாரணக் கடவுச்சொல் முறையில் ஓடும் ஐமேப் கணக்கு என்றால் அந்தக் கடவுச்சொல்லும் அங்கே போகும். மாணவர்களின் மதிப்பெண்கள், ஆய்வில் பங்கேற்றவர்களின் விவரங்கள், இன்னும் வெளியாகாத கட்டுரைகளின் மதிப்பீடுகள் உங்கள் அஞ்சலில் இருக்கலாம். அவற்றைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளாத ஓர் இடத்துக்கு நகர்த்தும் உரிமை நமக்கு இல்லை. இந்தக் காரணத்துக்காகவே புதிய அவுட்லுக்கைத் தடை செய்த பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

மற்றவை

மேக் கணினியில் ஆப்பிளின் மெயில் மிக எளிது. அமைப்புகளில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அல்லது கூகுள் என்று தேர்ந்தெடுத்தால் உள்நுழைவுச் சாளரம் வரும். கடிதமும் நாட்காட்டியும் தொடர்புகளும் அந்தந்தச் செயலிக்குத் தானே போய்விடும். பெரிய எதிர்பார்ப்பு இல்லாதவர்களுக்கு இது போதும். வடிகட்டி விதிகளும் தேடலும் ஆழமாக வேண்டுமென்றால் தண்டர்பேர்ட் பக்கம் வரலாம்.

லினக்ஸில் எவல்யூஷன் நாட்காட்டியுடன் எக்ஸ்சேஞ்சைப் பேசும். அதற்கான கூடுதல் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும். இஎம் கிளையன்ட் விண்டோஸிலும் மேக்கிலும் அவுட்லுக்குக்கு நல்ல மாற்று. வணிக மென்பொருள், வரம்புள்ள இலவசப் பதிப்பும் உண்டு.

மென்பொருளே வேண்டாம், பல்கலைக்கழக அஞ்சலைச் சொந்த முகவரிக்கு முன்னனுப்பிவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 365-இல் வெளி முகவரிக்குத் தானாக முன்னனுப்புவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். அனுமதித்த இடத்திலும், முன்னனுப்பிய கடிதம் மூல அனுப்புநரின் சேவையகத்திலிருந்து வராததால் எஸ்பிஎஃப் என்ற சரிபார்ப்பில் தோற்று, ஸ்பேமில் விழவோ திருப்பி அனுப்பப்படவோ வாய்ப்புண்டு. தொலைந்தது எது என்று உங்களுக்குத் தெரியவே வராது. தேர்வு அறிவிப்பை இப்படி இழப்பதற்கு எந்த வசதியும் ஈடாகாது.

அமைத்த முதல் நாளில்

கணக்கு ஓடத் தொடங்கியதும் சிலவற்றை உடனே பாருங்கள். கோப்புறைப் பெயர்கள் முதலில். சேவையகத்தில் நீக்கியவை, அனுப்பியவை என்பதற்கு ஒரு பெயரும் மென்பொருளில் வேறொரு பெயரும் இருந்தால் இரண்டிரண்டாகத் தோன்றும். நீங்கள் கணினியில் அனுப்பியவை கைபேசியில் தெரியாது. எந்தக் கோப்புறையில் சேமிப்பது என்பதைக் கணக்கு அமைப்பில் சேவையகத்தின் கோப்புறைக்கே திருப்பிவிடுங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைக் கூகுளே சேமித்துக்கொள்வதால் மென்பொருளின் பிரதி சேமிப்பை அணைக்க வேண்டும், இல்லையேல் ஒவ்வொன்றும் இரண்டு முறை இருக்கும்.

ஜிமெயிலின் இன்னொரு பழக்கம்: லேபிள்களைக் கோப்புறைகளாகக் காட்டும், கூடவே எல்லா அஞ்சலும் என்று ஒன்றையும் காட்டும். ஒரே கடிதம் வரவுப் பெட்டியிலும், ஒரு லேபிளிலும், இந்தப் பெரிய கோப்புறையிலும் இருப்பதால் வட்டில் இடம் இரண்டு மூன்று மடங்கு போகும். அந்தக் கோப்புறையை மென்பொருளில் சந்தா நீக்கிவிடலாம். ஐமேப் வழியாக ஒரு நாளைக்கு 2,500 மெகாபைட் மட்டுமே இறக்க அனுமதி உண்டு. பெரிய அஞ்சல் பெட்டி பாதியில் நின்றால் பதறாமல் மறுநாள் தொடருங்கள்.

மடிக்கணினி என்றால் வட்டுக் குறியாக்கத்தை இயக்குங்கள்: விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட். கடிதங்கள் வட்டில் வெறும் கோப்புகளாக இருக்கின்றன. கணினி திருடு போனால் அஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுவது அந்தக் கோப்புகளைக் காக்காது.

வெளியேறப் போகிறவர்களுக்கு

இந்தப் பகுதிக்காகவே பலர் மேசைக் கணினி மென்பொருளைத் தேடுகிறார்கள், இதில்தான் தவறான நம்பிக்கைகளும் அதிகம்.

ஐமேப்பில் கடிதங்கள் கணினிக்கு இறங்கியிருக்கின்றன, ஆகவே அவை என்னுடையவை என்று எண்ணாதீர்கள். ஐமேப்பின் வேலையே சேவையகத்தைப் பிரதிபலிப்பது. அங்கே பெட்டி காலியானால், அடுத்த முறை இணையும்போது இங்கும் காலியாகும். அவுட்லுக்கில் நிலைமை இன்னும் நுட்பமானது. அது வைத்திருக்கும் ஓஎஸ்டி என்ற கோப்பு அந்தக் கணக்குடன் கட்டுண்டது. கணக்குப் போனபின் அதைச் சாதாரணமாகத் திறக்க முடியாது. போதாததற்கு, வழக்கமான அமைப்பில் அதில் சுமார் ஓராண்டுக் கடிதங்கள் மட்டுமே இருக்கும். பழையவை சேவையகத்தில்தான்.

தண்டர்பேர்டில் செய்ய வேண்டியது, கணினியிலேயே இருக்கும் தனிக் கோப்புறைகளுக்குக் கடிதங்களை நகலெடுப்பது. நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள், நடுவில் இணைப்பு அறுந்தால் மூலம் பத்திரமாக இருக்கும். ஒரே மூச்சில் 40,000 கடிதங்களை இழுக்காமல் ஆண்டு வாரியாக எடுங்கள். அவுட்லுக்கில் முதலில் எல்லாக் கடிதங்களும் இறங்கும்படி கால அளவை மாற்றி, முழுதாக இறங்கிய பின் பிஎஸ்டி கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தக் கோப்புக்கு 50 ஜிகாபைட் என்ற இயல்பான உச்சவரம்பு இருக்கிறது. பெரும்பாலோருக்கு அது தாராளம். கூகுளில் நிர்வாகி அனுமதித்திருந்தால் டேக்அவுட் என்ற வசதி மொத்தத்தையும் எம்பாக்ஸ் கோப்பாகத் தரும். அதைத் தண்டர்பேர்டில் திறந்துகொள்ளலாம்.

எதை எடுத்துச் செல்லலாம் என்பதையும் யோசியுங்கள். உங்கள் ஆய்வுக் கடிதங்கள், சான்றிதழ்கள் பற்றிய தொடர்புகள், சக ஆய்வாளர்களின் குறிப்புகள் சரி. மற்ற மாணவர்களின் மதிப்பெண்களோ ஆய்வில் பங்கேற்றவர்களின் மருத்துவ விவரங்களோ இருந்தால் அவை உங்களுடன் வரக்கூடாது. உங்கள் துறையின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நகலெடுத்து முடித்தபின் சேவையகக் கோப்புறையிலும் உங்கள் கோப்புறையிலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பாருங்கள். பிறகு கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, மிகப் பழைய கடிதம் ஒன்றையும், இணைப்புக் கோப்பு உள்ள கடிதங்கள் சிலவற்றையும் திறந்து பாருங்கள். இணைப்புக் கோப்பு திறக்கவில்லை என்றால் அந்தக் கடிதம் முழுதாக இறங்கவில்லை, தலைப்பு மட்டும்தான் வந்திருக்கிறது. கணக்கு உயிரோடு இருக்கும்போதே அந்தக் கோப்புறையை மறுபடி நகலெடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாமல், கணக்கு முடியும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். அந்தத் தேதி பட்டமளிப்பு நாளாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கணினிப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.